சுவரோரப் பன்றி

"பன்றிகிட்ட அப்படி என்னதான் பேசுவாரு உங்கப்பா?"

சுவாஸ்தி கேட்டதும் அர்த்தா சிரித்தான். கல்யாணமாகி டென்பசார் நகரத்திலிருந்து இந்தக் கிராமத்துக்கு வந்த இரண்டு மாதமாக அவளுக்கு இதே ஆச்சரியம்தான்.

மாமனார் நெங்கா சுக்ரா ஊர்ச்சபைத் தலைவர். வீட்டில் யார் என்ன கேட்டாலும் ஒரு 'ம்' வந்தால் பெரிய விஷயம். ஆனால் காலையில் பன்றிக் கொட்டிலுக்குப் போய்விட்டால் வாய் ஓயாது. அதுவும் எட்டு ஊருக்குக் கேட்கிற குரலில்.

அன்று விலங்குகளுக்குப் பூசை போடும் நாள். மாடு, கோழி, பன்றி எல்லாவற்றுக்கும் பூவும் அரிசியும் தீர்த்தமும். வருகிற பண்டிகைக்கு அறுபடப் போகிற பன்றிக்கும் அன்று ராஜ மரியாதை.

சுவாஸ்தி பூத்தட்டோடு போனபோது மாமனார் பன்றியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா குண்டா, விடிய விடிய இருமிக்கிட்டே கெடந்தியே! இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடிச்சா என்னவாம்? எனக்கு இன்னிக்கு உக்கார நேரமில்லடா. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். மண்டபத்துக் கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க, சுனைக் கோயில் வரைக்கும் ஏறணும். இந்த வயசுல எனக்கு இது தேவையா, சொல்லு!"

பன்றி உறுமியது. நேற்று இதே மனிதர்தான் அதனிடம், "நாளைக்குக் குழாய்ல தண்ணி வராதுடா, பிடிச்சு வெச்சுக்கோ" என்றார். சுவாஸ்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

கொட்டிலுக்கு அடுத்து ஒரு மண்சுவர். அதற்கு அந்தப் பக்கம் லோத்ராவின் வீடு. தனிக்கட்டை. மூன்று மாதத்துக்கு முன் கோயில் வேலைக்குத் தொடர்ந்து வரவில்லை. ஏன் என்று கேட்ட தலைவரிடமே, "உன் வேலையைப் பாருய்யா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஊர் அவரைத் தள்ளிவைத்தது. அவரோடு யாரும் பேசக் கூடாது. பேசுகிறவருக்கும் அதே கதிதான்.

அதற்கு அடுத்த வாரமே மாமனார் பின்கட்டில் இருந்த கொட்டிலைப் பிரித்து, லோத்ராவின் சுவரோரமாகக் கட்டினாராம்.

"நாத்தம் அவர் மூக்குல ஏறட்டும்னுதான்," என்றான் அர்த்தா. "எங்கப்பா லேசுல மறக்கிற ஆளில்ல."

அப்போது இவர்கள் வீட்டு நாய் சுவர் இடுக்கு வழியாக லோத்ரா வீட்டுக்குள் நுழைந்தது.

"அது மட்டும் போகலாமா?" என்றாள் சுவாஸ்தி. " நேத்து ரெண்டு வீட்டு நாயும் அந்தக் கடி கடிச்சுக்கிட்டுது. இன்னிக்கு ஒரே தட்டுல நக்குது பாருங்க."

"அதுங்களுக்கு ஊர்ச்சபை இல்லடி. இன்னிக்குக் கூட்டத்துல வந்து மன்னிப்புக் கேட்டா லோத்ராவைச் சேர்த்துப்பாங்க. இல்லன்னா பேரை அடிச்சுடுவாங்க. நாளைக்குச் செத்தா எரிக்கக்கூட ஒரு ஆள் போக மாட்டான்."

"சரி, கூட்டம் எங்கேன்னு அவருக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? முன்னாடின்னா மரமணி அடிப்பாங்க, எல்லாருக்கும் கேக்கும். இப்ப எல்லாம் வாட்ஸ்அப்ல. அவரைத்தான் குழுவிலேர்ந்து தூக்கியாச்சே."

"யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா?"

"சொன்னா பேசினதா ஆகிடுமே!"

"மன்னிப்புக் கேக்கலன்னா தண்டனை. எங்கே வந்து கேக்கணும்னு சொன்னாலும் தண்டனை. நல்லா இருக்குய்யா உங்க ஊரு நியாயம்!"

பொறுக்காமல் மாமனாரிடமே போனாள்.

"மாமா, பன்றிக்கே இன்னிக்குப் பூ வைக்கிறோம். பக்கத்து வீட்டு மனுஷருக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கூடாது."

அவ்வளவுதான். மறுபடி பன்றியின் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்நெஞ்சுக்காரர் என்று சுவாஸ்திக்கு ஆத்திரம் பொங்கியது.

சாயங்காலம் சுனைக் கோயிலில் அவள் காப்பித் தட்டோடு நின்றாள். மாமனார் பெயர்ப் புத்தகத்தைப் பிரித்தார்.

"லோத்ரா வந்திருக்கானா?"

ஆளைக் காணோம். பெயரை அடிக்கப் பேனாவைத் தேடினார். ஒவ்வொரு பையாகத் துழாவினார். சட்டைப் பையிலேயே இருந்த பேனா கைக்குக் கிடைக்க ரொம்ப நேரமானது.

படியேறி வரும் இருமல் சத்தம் கேட்டது. தலையில் கோயிலுக்குக் கட்டும் வெள்ளைத் துணி, கூப்பிய கை. லோத்ரா.

"தப்பு என்னோடதுதான். என்னைச் சேர்த்துக்குங்க."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "நில்லு. இடம் மாறினது உனக்கு எப்படித் தெரிஞ்சது? உன்கிட்ட பேசினது யாரு?"

எல்லாக் கண்களும் கேள்வி கேட்டே பழகிய புது மருமகள் மேல் திரும்பின.

"சாமி முன்னால சொல்றேன்," என்றார் லோத்ரா. "இந்த மூணு மாசமா எந்த மனுஷனும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

மாமனார் பேனாவை மூடினார். "அப்ப யாரும் விதியை மீறல. சேர்த்துக்கலாமா?"

கைகள் உயர்ந்தன.

மறுநாள் காலை பன்றி உறுமிக்கொண்டே இருந்தது. மாமனார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அர்த்தா, கடப்பாரையை எடுத்துட்டு வா. கொட்டிலைப் பழையபடி பின்கட்டுக்கே மாத்திடலாம். இனிமே லோத்ராகிட்ட நானே பேசிக்கிறேன்."