இடது தோள்

மடிக்கணினித் திரையில் ஒரு குத்துச்சண்டைக்காரி கையை ஓங்கி நிற்கிறாள். வரைந்து பழகுவதற்கான படம் அது. அவளுக்கு ஒரு நிமிடம்தான்; மணி அடித்ததும் அடுத்த ஆளின் படம் வந்துவிடும். அதற்குள் அவளைத் தாளில் பிடித்துவிட வேண்டுமென்று, நாக்கை ஓரமாகக் கடித்தபடி மனைவி கரித்துண்டை இழுக்கிறாள். ஜன்னல் வெயில் அவளது கரி படிந்த மூக்கில் விழுகிறது. கையில் பாதி மடித்த சட்டையோடு லாரிக்காரக் கணவர் பின்னாலிருந்து தாளை எட்டிப் பார்க்கிறார். "என்னம்மா, இவ தோள் இப்படித் தொங்குது? கியர் போட்டுப் போட்டு இறங்கிப்போன என் தோள் மாதிரியே இருக்கு." "சும்மா இருங்க, நேரம் போகுது" என்கிறாள். ஆனால் கை நின்றுவிடுகிறது. காலையிலிருந்து வரைந்த தாள்களைப் புரட்டுகிறாள். தாவுகிற நடனக்காரனுக்கும், குந்தியிருக்கும் கிழவருக்கும், திரையில் தோள் நேராக இருந்த அத்தனை பேருக்கும் தாளில் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. "வசமா மாட்டிக்கிட்டியா!" என்று அவர் தோள் குலுங்கச் சிரிக்கிறார். மணி அடிக்கிறது. "படம் மாறிடுச்சு, பாரு." "மாறட்டும்" என்று அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போடுகிறாள். "அந்தச் சட்டையோட அப்படியே நில்லுங்க. அசையக் கூடாது." அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எத்தனை நிமிஷம்?" என்று உதடு அசையாமல் கேட்கிறார். அவள் மடிக்கணினியை மூடி வைக்கிறாள்.