உள்ளே இருக்கியா?

“பெயின்டர், இருக்கியா?”

“இருக்கேன்.”

“தலை சுத்துதா? கண்ணு எரியுதா?”

“இல்லை.”

அந்தப் பெரிய இரும்புத் தொட்டியின் உச்சியில், ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய வட்டத் திறப்பின் அருகே காவலாள் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஓர் இளைஞன் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவன் உடம்பில் மாட்டியிருந்த வாரிலிருந்து ஒரு கயிறு மேலே வந்து ராட்டினத்தில் சுற்றியிருந்தது.

உள்ளே இருப்பவனை அவ்வப்போது கூப்பிட வேண்டும், அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி. காவலாளோ மூச்சுக்கு மூச்சு கூப்பிட்டார். வெயிலையும் தொட்டிக்குள் காற்று ஊதும் மெஷினின் இரைச்சலையும் விட்டால் மேலே அவருக்கு வேறு துணை இல்லை.

“மதியச் சாப்பாட்டுல உப்பு சரியா இருந்துச்சா?”

“அதெல்லாம் விதியில இல்லை.”

அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். “என்ன பெரியவரே, அவனை வேலை செய்ய விட மாட்டீங்க போல!” என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில் மெஷினின் இரைச்சல் விக்கி விக்கி நின்றது. வாயுவை அளக்கும் கருவி கீச்சிடத் தொடங்கியது.

“மேல வா! போட்டது போட்டபடி வா!”

“இந்த ஓரம்... கொஞ்சம்தான்...” குரல் குழறியது. பிரஷ் விழும் சத்தம் கேட்டது.

“பெயின்டர்!”

பதில் இல்லை.

காவலாளின் ஒரு கால் ஏணிப் படிக்குப் போய்விட்டது. இறங்கினால் இரண்டு பேரையும் தூக்க ஆளிருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை வெளியே இழுத்தார். அபாயச் சங்கை அழுத்தினார். “இருக்கியா? இருக்கியா?” என்று கத்திக்கொண்டே, தோள்பட்டை கழன்றுவிடும்போல ராட்டினத்தைச் சுற்றினார்.

துவண்டு வந்தவனை, ஓடி வந்த ஆட்கள் காற்றோட்டமாகக் கிடத்தி ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவன் இருமினான். கண்ணைத் திறந்து காவலாளைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதலுதவி அறைக்கு வெளியே காவலாள் தனியாக நின்றிருந்தார். உள்ளே போய் வந்த சூப்பர்வைசர் அவர் தோளைத் தட்டினார்.

“பயமில்லையாம், பொழைச்சுட்டான். நான் முன்ன இருந்த இடத்துல, விழுந்தவனைத் தூக்கப் பதறிக்கிட்டு இறங்குனவனும் சேர்ந்து போயிட்டான். நீங்க அசையாம நின்னு தூக்கினீங்களே! கல்நெஞ்சுதான் பெரியவரே உங்களுக்கு.”

காவலாள் கதவிடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஆனா இந்த வயசுல உங்களுக்கு இந்தப் பாடு வேணாம். நாளையிலேருந்து கேட்டுல நிழலா உட்காருங்க. தொட்டிக்கு வேற ஆளைப் போடறேன்.”

“ஐயோ, வேணாம் சார்!” காவலாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்த வேலையை மட்டும் மாத்திடாதீங்க. விதின்னு ஒண்ணு இருக்கறதாலதான் பதில் சொல்றான். என் மகன் சார் அவன். வீட்டுல என்கிட்ட பேசி வருஷக்கணக்காகுது.”