அலாவுதீன் மாஸ்டரின் நம்பர்

சம்மாந்துறையிலிருந்து வந்த அம்ஹா, பெயரெழுதிய காகிதத் துண்டை நீட்டினாள். மருதமுனையின் கிராம சேவகர் சுபியான் வாக்காளர் இடாப்பைப் புரட்டினார்.

"ஓம், அலாவுதீன் மாஸ்டர் எங்கட பிரிவுதான். மனிசி மௌத்தாகி ஆறு வருசம். தனியத்தான் இரிக்கார்."

"வழக்கு, சண்டை ஏதும் இரிக்கா சேர்?"

"இல்லையே."

"சிகரெட் குடிப்பாரா?"

சுபியானுக்கு முகம் மாறியது. காணித் தகராறாக இருக்குமோ? மாஸ்டர்மேல் பெட்டிசன் எழுதப் போகிறாளோ?

"அறுபத்திமூணு வயசு மனிசன். அவர ஏன் தங்கச்சி இப்பிடித் துருவுறீங்க?"

"போன் நம்பரும் வேணும் சேர்."

"அவர்ட்டக் கேக்காமத் தர ஏலா. விசயத்தச் செல்லுங்க."

அம்ஹா வெட்கத்தோடு சிரித்தாள்.

"எங்கட உம்மாவக் கலியாணம் கேட்டு ஆள் அனுப்பியிரிக்கார். வாப்பா மௌத்தாகிப் பதினஞ்சு வருசம். புள்ளைகள் நாங்களும் கலியாணம் முடிச்சுப் போயிட்டம். உம்மாக்கும் விருப்பம்தான். அதுக்காக, மாப்பிளையப் பத்தி விசாரிக்காமக் குடுக்க ஏலுமா சேர்?"

சுபியான் வாய்விட்டுச் சிரித்தார். இடாப்பை மூடிவிட்டு, தன் போனிலேயே மாஸ்டரை அழைத்தார்.

"மாஸ்டர், அஸ்ஸலாமு அலைக்கும். பொண்ணு வீட்டாக்கள் வந்திரிக்காங்க. கொஞ்சம் மரியாதையாக் கதைங்க!"