புது வண்டி

தகட்டை அவள் பார்க்கவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே, நான்கு ரிவெட்டுகளுக்கு நடுவே, அது பளபளத்தது. ஆண்டு 1971 என்றது. நாற்பது ஆண்டுகளாக டிராக்டர் உதிரிபாகம் விற்பவள் அவள். தகட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றை அறையலாம். இரும்போடு இரும்பாக வார்த்த எண்ணை மாற்ற முடியாது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மண்ணெண்ணெய்த் துணியுடன் வண்டியின் அடியில் குனிந்தாள்.

சொகுசு விடுதியின் வாசலில் புல்தரை. அதன் நடுவே சிமெண்டு மேடை. மேடைமேல், புதிதாகச் சிவப்புச் சாயம் பூசிய அந்த டிராக்டர். பக்கத்தில் எழுதப்படாத ஒரு பலகை. பெயிண்டர் அதில் 1971 என்று சாக்குக்கட்டியால் குறித்துவிட்டுக் காத்திருந்தார்.

"தகட்டுல எழுபத்தொண்ணுன்னு இருக்குதுங்க. பாக்கறவங்க, இல்ல, இன்னும் பழசுங்கறாங்க," என்றான் விடுதிக்காரன் நவநீதன். முன்பு இது அவனுடைய தாத்தாவின் தோட்டம். "உடுமலயில யாரக் கேட்டாலும் உங்களத்தான் கை காட்டறாங்க. பாத்துச் சொல்லுங்கக்கா."

அவள் யாருடைய மகள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆறுச்சாமியின் மகள்.

அந்தத் தோட்டத்தில் இந்த வண்டியை ஓட்டியவர் ஆறுச்சாமி. 1972இல், வாய்க்கால் மேட்டுச் சரிவில் இறங்கும்போது, வண்டி நிற்கவில்லை. கவிழ்ந்தது. அவர் எழவில்லை.

அவளுக்கு அப்போது எட்டு வயது.

விசாரணை அறிக்கையில் மூன்றே வாக்கியங்கள்.

வாகனம் புதியது, வாங்கி ஓராண்டும் நிறையவில்லை. எனவே பிரேக்கில் பழுது இருக்க வழியில்லை. ஓட்டியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.

அந்த 'எனவே'யை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முந்தைய இரவு சோற்றுக்கு உட்காரும்போது, "பிரேக்குப் புடிக்கவே மாட்டீங்குது" என்று அப்பா சொன்னார். அம்மா அதை விசாரணையில் சொன்னாள். எழுதியவரின் பேனா அசையவில்லை.

ஊர், அறிக்கையைவிடச் சுருக்கமாகப் பேசியது. பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"ஏ, புதுவண்டி."

வாய்க்காலிலிருந்து தூக்கிய வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். போன மாதம்வரை அது பூட்டிய இடத்திலேயே கிடந்தது.

விசாரித்தவர்கள் தகட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் குனியவில்லை.

கியர் பெட்டியின் அடியில் எண்ணெயும் மண்ணும் இறுகிக் கல்லாகியிருந்தன. பழைய ஸ்குரூ டிரைவரால் சுரண்டினாள். துடைத்தாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள்.

நாள். மாதம். ஆண்டு.

58.

கை நின்றது.

நம்பிவிடக் கூடாது. ஒரு பாகம் சாட்சியாகாது. உடைந்த பெட்டியை எடுத்துவிட்டுப் பழைய வண்டியின் பெட்டியைப் பொருத்துவதுண்டு. அதற்காகத் தன் கடைப்படி ஏறியவர்களை அவள் அறிவாள்.

எஞ்சின் பக்கம் நகர்ந்தாள். சுரண்டினாள். துடைத்தாள்.

58.

பின் அச்சின் எண்ணைப் பார்க்க மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. அறுபது வயது முதுகைச் சிமெண்டு சுட்டது.

58.

மூன்று தேதிகளுக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை. மூன்றும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்தவை.

அவள் உடனே எழவில்லை. முகத்துக்கு ஒரு சாண் மேலே பிரேக்குக் கம்பி தெரிந்தது. அதற்கும் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள்.

"ஏனுங்கக்கா, மயக்கங்கியக்கம் வந்துருச்சுங்களா?"

நவநீதன் கை கொடுத்தான். அவள் வண்டியின் சக்கரத்தைப் பிடித்து எழுந்தாள்.

பிறகுதான் தகட்டைப் பார்த்தாள். நான்கு ரிவெட்டுகள். அவற்றையொட்டி, சாயம் அடைத்துக்கொண்ட நான்கு பழைய துளைகள்.

தகட்டை மாற்றியவர் யார் என்பதை இரும்பு சொல்லாது.

"அம்பத்தெட்டு," என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சுங்கக்கா. பழசுன்னாத்தான் நாலு பேரு பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க." பெயிண்டரிடம் திரும்பினான். "அண்ணா, எழுபத்தொண்ண அழிச்சுப்போட்டு அம்பத்தெட்டுன்னு எழுதிருங்க."

"அழிக்க வேண்டாம் தம்பி. செஞ்சது அம்பத்தெட்டு. உங்க தாத்தா வாங்குனது எழுபத்தொண்ணு. ரெண்டும் இருக்கட்டும்."

"இருக்கட்டுங்க. வாங்குன அன்னிக்கு மாலை போட்டு எடுத்த போட்டோவே ஊட்ல மாட்டியிருக்குது. எங்க தாத்தாவுக்கும் ஒரு பெருமைதானுங்களே."

கைபேசி ஒலித்தது. அவன் உள்ளே போனான்.

அவள் போகவில்லை. வெயிலில் நின்றாள்.

வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

தயாரிப்பு: 1958

வாங்கியது: 1971

பெயிண்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். வரி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். வாய்க்குள் படித்தார். தூரிகையைக் காதில் செருகிவிட்டு விரல்களை மடக்கினார்.

"ஏனுங்கக்கா, அப்ப வாங்கறப்பவே இது பழைய வண்டிங்களா?"

அவள் மண்ணெண்ணெய்த் துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.