கட்டிலுக்கு அடியில்

“தலைவரே, நீங்க வந்து கேட்டே ஆகணும். இராமையா மகன் கொழும்புக் கடையில வேலை செய்யிறான். இங்க மருமக, மாமனாரைக் கட்டிலுக்கு அடியில படுக்கப்போட்டு வதைக்கிறா!”

தோட்டத் தலைவர் செல்லசாமி நம்பவில்லை. பிரேமினி அப்படிப்பட்ட பெண் இல்லை.

“நீ பார்த்தியா அம்மாக்கண்ணு?”

“சன்னல் வழியா ரெண்டு கண்ணால பார்த்தேன். மூணு நாளா, தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் குடுத்துட்டு வந்ததும் இதே கூத்துதான். அவரு நெஞ்சு வருத்தக்காரரு தலைவரே! அவரு அடியில கெடக்க, இவ மேல உட்கார்ந்து தகரத்தைப் போட்டு அடிக்கிறா. எனக்கே நெஞ்சு படபடங்குது.”

தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தில் அம்மாக்கண்ணுவுடையது அடுத்த காம்பரா. நடுவில் ஒரே சுவர்தான். அவள் பொய் சொல்லமாட்டாள். பாதி பார்த்ததை முழுசாகச் சொல்வாள், அவ்வளவுதான்.

இருவரும் போனபோது வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். உள்ளே தகரம் அலறியது. செல்லசாமி கதவைத் தள்ளினார்.

சொன்னது அத்தனையும் உண்மை. கட்டிலுக்கு வெளியே மாமனார் இராமையாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. மேலே பிரேமினி, மடியில் பால்மா டின், கையில் அகப்பை.

“மூச்சைப் பிடிங்க மாமா... அசையாதீங்க...”

“பிரேமினி! என்னா அநியாயம் இது?”

அவள் பதறி எழுந்தாள். பதில் அடியிலிருந்து வந்தது.

“யாரு, தலைவரா? கொஞ்சம் பொறுங்க. இன்னும் அஞ்சு நிமிசம் பாக்கி இருக்கு.”

செல்லசாமி விழித்தார்.

“மாமாவுக்கு நெஞ்சு தாறுமாறா துடிக்குதுங்க,” என்றாள் பிரேமினி. “எதனாலன்னு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தாத்தான் தெரியுமாம். அதைப் பார்த்துத்தான் வைத்தியம். போன மாசம் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனோம். மெசின் குழாய் மாதிரி ஒடுக்கம், உள்ள தடதடன்னு சத்தம். மாமா பயந்து ரெண்டே நிமிசத்துல வெளிய வந்துட்டாரு. இந்த வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. அதையும் விட்டா எப்பக் கெடைக்குமோ? அதான்... பழக்குறேன்.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

“நான் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்,” என்றது அடியிலிருந்த குரல். “அவளே இங்க படுத்துக் காட்டினா. நான்தான் மேல உட்கார்ந்து தட்டினேன்.”

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். செல்லசாமி திரும்பினார்.

“ஏன் அம்மாக்கண்ணு, மூணு நாளா சன்னல்ல பார்த்தியே. கதவைத் திறந்து, என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

அம்மாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு தன் காம்பராவுக்குள் போய்விட்டாள். பாவம், முகம் செத்துப் போயிருந்தது.

வியாழக்கிழமை, இராமையா முக்கால் மணி நேரம் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தார். படம் தெளிவாக விழுந்தது.

போன தடவை அவரை வெளியே எடுத்த அதே தாதிக்கு ஆச்சரியம்.

“இந்த முறை சத்தத்துக்குப் பயமில்லையா ஐயா?”

“இதெல்லாம் ஒரு சத்தமாம்மா? மருமகளுக்குக் கை வலிக்குமேன்னு கடைசி ரெண்டு நாளும் பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு வந்து தட்டுச்சே, அதை நீங்க கேட்டதில்லை!”