எதிர்க்கட்சிக்காரர்

"இன்னுமா நீ சாகல?"

கட்டிலில் படுத்திருந்த ஆம்ப்ரோஸ் தர்லோ, வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துக் கேட்டார்.

கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோவினா திடுக்கிட்டாள். இங்கிலாந்தில், லட்லோ ஊருக்கு வெளியே இருந்த அந்த முதியோர் இல்லத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரத்தில் தர்லோ வாய் திறந்து பேசி அவள் கேட்டது இப்போதுதான்.

"உன்னை அனுப்பிட்டுத்தான் நான் கிளம்புவேன்," என்றார் வந்தவர். நரைத்த தாடி, கழுத்தில் சிவப்பு மஃப்ளர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பார்த்தியாம்மா? இவன்தான் ஐவர் மாடக். ராஜான்னாலே இவனுக்கு ஆகாது. ரேடியோவுல முப்பது வருஷம் என்னோட மல்லுக்கு நின்னவன்."

ரோவினாவுக்கு இரண்டு பெயருமே தெரியும். அவள் சிறுமியாக இருந்தபோது அந்தச் சண்டையை அப்பா சத்தமாக வைத்துக் கேட்பார். தர்லோவின் புத்தகம் ஒன்றாவது இல்லாத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. ராஜாக்கள், போர்கள், கப்பல்கள் என்று எடுத்தால் கீழே வைக்க விடாமல் எழுதுவார். கன்சர்வேட்டிவ் கட்சிக் கூட்டங்களுக்கு அவர் பேச்சைக் கேட்கவென்றே ஜனம் வரும்.

"அந்தக் காலத்து முதலாம் சார்லஸ் ராஜா தலையை வெட்டினது சரிதான்னு இன்னும் சொல்றியா?" என்றார் தர்லோ.

"சொந்த ஜனங்க மேலயே படையை ஏவினவன். பின்ன, மாலையா போடுவாங்க?"

"வெட்டினீங்க. அப்புறம் பதினோரே வருஷத்துல அவன் மகனைக் கெஞ்சிக் கூத்தாடி, வாப்பா வந்து ஆளுன்னு கூட்டிட்டு வந்தீங்க."

"கூட்டிட்டு வந்தது உங்க ஆளுங்க. முதல் வரிசையில நின்னு தொப்பியைக் கழட்டினது உன் பாட்டன் முப்பாட்டனா இருக்கும்."

தர்லோ கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். குரல் கணீரென்று வந்தது.

"என் புத்தகம் ரயில்வே ஸ்டேஷன்ல விக்குதுய்யா. உன் புத்தகத்தை அச்சுக் கோத்தவனைத் தவிர எவன் படிச்சான்?"

"அவனும் பாதியில விட்டுட்டானாம்."

தர்லோ சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. முகம் சிவந்துவிட்டது.

"முதல்ல கஞ்சியைக் குடி," என்றார் வந்தவர். "வெறும் வயித்தோட இருக்கிறவனை ஜெயிச்சா எனக்கு என்ன பெருமை?"

ரோவினா ஊட்ட ஊட்ட, தர்லோ அவரை முறைத்துக்கொண்டே விழுங்கினார். கிண்ணம் காலியானது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"என் பையனைக் கெடுத்ததே உன் புத்தகம்தான்," என்றார் தர்லோ திடீரென்று.

வந்தவர் மஃப்ளரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "எந்தப் பையன்?"

"ஒரே பையன்தான். ரூபர்ட். சுரங்கத் தொழிலாளிங்க ஸ்டிரைக் பண்ணினாங்களே, அப்ப அங்க போய் அவங்களுக்கு சூப் ஊத்திக்கிட்டு நின்னான். நான் பேப்பர்ல எழுதினேன், அவன் பேரைப் போட்டே. நாட்டோட எதிரி என் சாப்பாட்டு மேஜையிலயே வளர்ந்திருக்கான்னு. ஊரே சிரிச்சுது."

"படிச்சேன்."

"நல்லா எழுதியிருந்தேன்ல?"

"நல்லாத்தான் எழுதியிருந்தே."

"அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வரல. அவன் அம்மா அவனுக்கும் சேர்த்துத் தட்டு வச்சா. அதைப் பார்த்து நான் அவளைத் திட்டினேன். ஆனா சாப்பிட்டு முடியறவரைக்கும் வாசலையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்." தர்லோ போர்வை நுனியைத் திருகினார். "அந்த ஒரு கட்டுரையைத் திரும்ப வாங்க முடியும்னா, நான் எழுதின மத்த எல்லாத்தையும் கொடுத்துடுவேன்யா."

வந்தவர் நழுவிய போர்வையை இழுத்து அவர் தோளில் போர்த்தினார்.

"அவன்கிட்ட போய்ச் சொல்லிடாதே," என்றார் தர்லோ. "தன் கட்சி ஜெயிச்சுட்டதா நினைச்சுக்குவான்."

"சொல்ல மாட்டேன்," என்று வந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கும் வா. ராஜா தலையை வெட்டின அந்த கிராம்வெல் கதை பாக்கி இருக்கு." அதைச் சொல்லும்போதே தர்லோவின் கண்கள் செருகின. தூங்கிப்போனார்.

ரோவினா நடைவழியில் வந்தவரை மறித்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார், நாளைக்கு வராதீங்க. அவர் முகம் எப்படிச் சிவந்துபோச்சுன்னு பார்த்தீங்கல்ல? படுக்கையில கிடக்கிற மனுஷன்கிட்ட வந்து பழைய பகையைத் தீர்த்துக்கணுமா?"

அவர் மஃப்ளரைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"அவ்வளவு அக்கறை இருந்தா அந்த மகனைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. தகப்பன் இப்படி ஏங்கிக் கிடக்கிறார். அவன் எங்க இருக்கானோ, எப்படித்தான் மனசு வருதோ."

"அவன் வந்துட்டுத்தாம்மா இருந்தான்," என்றார் அவர். "வாராவாரம் வருவான். நான்தான் ரூபர்ட், நான்தான் ரூபர்ட்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தான். குழாய் ரிப்பேர் பண்ண வந்தியான்னு கேட்டுட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். சாப்பிடவும் மாட்டார்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தார்.

"மாடக் செத்துப் பல வருஷம் ஆச்சும்மா. அப்பாவுக்கு என்னை மறந்துபோச்சு, அவரை மறக்கல."