லப்பெத் தட்டு

"காக்கா, உங்க அஜ்மல் வேலை பாக்குற சூரிச் பேங்கும் இன்னொன்னும் இணைஞ்சிருச்சாமே. ஒன்னை ஒன்னு முழுங்கிருச்சாம்!"

எதிர்வீட்டு சுல்தான் பீவி சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

முழுங்கப்பட்டது மகனுடைய பேங்க்தான் என்று உதுமான் முடிவுகட்டினார். இதே ரங்கூனில் அந்நிய வங்கிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, அங்கே வேலை பார்த்த அவருடைய வாப்பா ஒரே நாளில் தெருவுக்கு வந்தவர். மகனைக் கேட்கலாமென்றால் கரண்ட் இல்லை. கைபேசி செத்துக் கிடந்தது.

"பேங்க் மாப்பிள்ளைக்குக் குடைக்கடைப் பொண்ணா?" என்று போன வருஷம் யாரை விரட்டினாரோ, அந்த ஜுல்ஃபிகரின் கடைக்கே ஓடினார். லான்மடாவ் தெரு மாடிகளெல்லாம் எட்டிப் பார்த்தன.

கைபேசியைக் கடை ஜெனரேட்டரில் சொருகிவிட்டு ஜுல்ஃபிகரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உன் மக இக்ராவை என் பையனுக்குக் கொடு. அவன் வந்து உன் கடைலயே உக்காரட்டும். கைவிட்டுடாதே!"

ஜுல்ஃபிகர் லப்பெத் தட்டிலிருந்து ஒரு வாய் தின்றுவிட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அந்த ஊறிய தேயிலையை இருவரும் ஒரே தட்டில் தின்றுவிட்டால் பர்மாவில் பேச்சு முடிந்தது. பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும்.

உதுமான் வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார். கைபேசி உயிர்பெற்று அலறியது.

"வாப்பா! நாங்க அந்த பேங்கை வாங்கிட்டோம். எனக்கு ப்ரமோஷன்!"

துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உதுமான் விழித்தார்.

"மெல்லத் தின்னுங்க, சம்பந்தி," என்றார் ஜுல்ஃபிகர். "எது எதை முழுங்குச்சுன்னு காலைலயே படிச்சுட்டேன். பீவிகிட்டப் பாதியைத்தான் சொன்னேன்."